வலிப்பும் மூளையணுவும்

தாதர் நிலைய மேம்பாலத்தில் மாலை ஆறு மணிக்கு ஒருவர் வலிப்பு வந்து விழட்டும்; உடனே நாலு கைகள் சாவிக்கொத்தை நீட்டும். ஒருவர் செருப்பைக் கழற்றி மூக்கருகே பிடிப்பார். ஓரிரு நிமிடத்தில் வலிப்பு நிற்கும். பெருமை சாவிக்குப் போய்ச் சேரும். உண்மையில் நடந்தது என்ன? மாணவ நண்பர்களே, அதைச் சற்றுப் பார்ப்போம்.

பல வலிப்புகள் பிறக்குமிடம் ஹிப்போகாம்பஸ். காதுக்கு உட்புறம், மூளையின் பக்கமடலில் வளைந்து கிடப்பது. கடற்குதிரை போலிருந்ததால் இத்தாலிய அறிஞர் அராண்சி 1587இல் இட்ட பெயர் அது. புதிய நினைவுகள் பதிய இதுவே வேண்டும். இங்குள்ள கூம்பு அணுக்கள் ஒன்றையொன்று தூண்டும் கிளைகளால் பின்னப்பட்டவை. அவற்றை அடக்க, எண்ணிக்கையில் சிறுபான்மையான தடுப்பணுக்கள் 'காபா' என்னும் பொருளைச் சுரக்கின்றன.

ஓய்வில் அணுவின் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவு. அது ஓரளவு உயர்ந்தால் சோடியம் வாயில்கள் திறந்து ஒரு துடிப்பு பிறக்கும். பிறகு பொட்டாசியம் வெளியேறி அணு பழைய நிலைக்கு வரும். துடிப்பு மிகுந்தால், வெளியேறிய பொட்டாசியம் இடைவெளிகளில் தேங்கி அண்டை அணுக்களையும் கிளறிவிடும்.

வலிப்பென்றால் எல்லா அணுக்களும் ஒருமிக்கக் கூச்சலிடுவது என்றே நானும் எண்ணியிருந்தேன். அப்படியன்று. 2006இல் வெளியான ஆய்வொன்றில், எலியின் ஹிப்போகாம்பஸ் சீவல்களில் மருந்தூட்டி வலிப்பை உண்டாக்கித் தனி அணுக்களை அளந்தார்கள். முதலில் வெறிகொண்டு துடித்தவை தடுப்பணுக்களே! துடித்துத் துடித்து அவற்றின் மின்னழுத்தம் மேலேயே நின்றுவிட்டது. சோடியம் வாயில்கள் மீள முடியாமல் அவை ஊமையாயின. சோர்வன்று இது, கிளர்ச்சி மிகுந்து வந்த மௌனம். காவலர் வாயடைத்த அந்த வேளையில்தான் கூம்பு அணுக்கள் கட்டவிழ்ந்தன.

மனித மூளைப் புறணியில் நுண்மின்வாய் பொருத்திச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. வலிப்பின் தொடக்கத்தில் சில அணுக்கள் விரைந்தன, சில அடங்கின, சில அசையவே இல்லை. முடிவிலோ ஏறக்குறைய எல்லாம் ஒருசேர மௌனமாயின. வலிப்பை நிறுத்துவது மூளையே. இரும்புக்கு அதில் பங்கில்லை.

இந்நோய் அரிதுமன்று. 1985இல் பம்பாய்ப் பார்சிக் குடியிருப்புகளில் 14,010 பேரிடம் வீடு வீடாக எடுத்த கணக்கில், ஆயிரத்துக்கு ஐவருக்குச் சற்றுக் குறைவாக வலிப்பு இருந்தது. ஆயினும் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக எண்ணியிருந்தது. அச்சொல் நீக்கப்பட 1999 ஆயிற்று. சட்டம் விட்டுவிட்டது, நம் வீட்டுப் பெண் பார்க்கும் படலம் இன்னும் விட்டபாடில்லை.

இனி மேம்பாலத்தில் ஒருவர் விழுந்தால் கூட்டத்தை விலக்குங்கள். தலைக்கடியில் புத்தகப் பையை வையுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவிடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள்: ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.