பூமிக்கு மேலே மூடி எங்கே?
(செய்து பார்த்துக் கற்போம்)

தில்லியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருநாள் பசுமைக்குடில் விளைவைப் பற்றிய பாடம். பலரும் அறிந்த சோதனையைத்தான் செய்தோம். ஒரே அளவுள்ள இரண்டு ஊறுகாய் பாட்டில்கள், உள்ளே ஒவ்வொரு வெப்பமானி. ஒன்றை மூடி, மற்றதைத் திறந்தபடி, அரைமணி நேரம் வெயிலில் வைத்தோம். மூடிய பாட்டிலில் வெப்பம் கூடுதலாக ஏறியது. "பார்த்தீர்களா? பூமியும் இப்படித்தான் சூடாகிறது" என்றேன் பெருமையாக. ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "சார், பூமிக்கு மேலே மூடி எங்கே இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. பிழை அவளிடம் இல்லை. என் விளக்கத்தில்தான் இருந்தது. மூடிய பாட்டில் சூடாவதற்கு முக்கியக் காரணம், சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாததுதான். 1909-இல் ஆர்.டபிள்யூ. வுட் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றின் மூடி கண்ணாடி. மற்றதன் மூடி பாறை உப்புத் தகடு. வெப்பத்தைச் சுமந்து செல்லும் அகச்சிவப்புக் கதிர்களைப் பாறை உப்பு வெளியே விட்டுவிடும், கண்ணாடி விடாது. ஆனாலும் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே வெப்ப வேறுபாடு மிகச் சொற்பமே!

பூமியின் கதை வேறு. பகலில் பெற்ற வெப்பத்தைப் பூமி அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்கு அனுப்புகிறது. வழியில் நீராவியும் கரியமில வாயுவும் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, கீழ்நோக்கியும் திருப்பி அனுப்புகின்றன. இதைப் பகலில் அல்ல, இரவில்தான் எளிதாகச் செய்து பார்க்கலாம்.

தேவையானவை: கறுப்பு வண்ணம் பூசிய இரண்டு தகர மூடிகள், இரண்டு தெர்மகோல் துண்டுகள், பள்ளி ஆய்வகத்தில் இருப்பது போன்ற இரண்டு வெப்பமானிகள், ஒரு குடை. (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.)

செய்முறை: மூடுபனியும் காற்றும் இல்லாத, வானம் தெளிந்த குளிர்கால இரவைத் தேர்ந்தெடுங்கள். மொட்டை மாடியில் தெர்மகோல் மேல் தகர மூடிகளை வைத்து, வெப்பமானிகளின் குமிழ்கள் மூடிகளைத் தொடும்படி வையுங்கள். ஒன்றுக்கு மேலே, சற்று உயரத்தில், குடையை விரித்துக் கட்டுங்கள். மற்றது வானத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். இரண்டு மணி நேரம் கழித்துப் பெரியவர் ஒருவரோடு சென்று அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வானத்தைப் பார்க்கும் மூடிதான் கூடுதலாகக் குளிர்ந்திருக்கும். குடை காற்றை அடைத்து வைக்கவில்லை. சுற்றிலும் திறந்துதான் இருக்கிறது. மூடியிலிருந்து கிளம்பும் கதிர்களை வாங்கிக்கொண்டு, தன் பங்குக்குக் கதிர்களைக் கீழே அனுப்புகிறது. அவ்வளவுதான். இந்தக் கதிர்வீச்சுக் குளிர்ச்சியை நம் நாட்டவர் பழங்காலத்திலேயே பயன்படுத்தினார்கள். அலகாபாத்தில் தெளிந்த குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பனிக்கட்டி எடுத்ததை 1775-இல் ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து ஒரு மாத வேலை. நாளிதழில் வரும் குறைந்தபட்ச வெப்பநிலையைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே, முந்தைய இரவு மேகம் இருந்ததா என்பதையும் குறியுங்கள். மேகம் மூடிய இரவுகளில் குளிர் பொதுவாகக் குறைவாக இருப்பதை நீங்களே காண்பீர்கள். மேகமும் ஒரு குடைதான். கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவும் குடையே.

இந்த வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல் வெயிலில் அதிகமாகச் சூடாவதை 1856-இல் யூனிஸ் ஃபுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி கண்டார். வெப்பக் கதிர்களை வாயுக்கள் உறிஞ்சுவதை 1859-இல் ஜான் டிண்டல் அளந்து காட்டினார். இந்தக் குடை தீயதல்ல. அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். அது தடித்துக்கொண்டே போவதுதான் கவலை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறக்குறைய 280 கரியமில வாயுவாக இருந்தன. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கிய 1958-இல் அது 315. 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது.

2024 ஜூனில் தில்லியில் ஓர் இரவு வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அதற்குக் கான்கிரீட் கட்டடங்களும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் ஒரே வாயுவின் மேல் போடக்கூடாது. ஆனால் இரவின் வெப்பம் எங்கே போகிறது, எது தடுக்கிறது என்று அறியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமியிடம், "பூமிக்கு மூடி இல்லையம்மா, குடைதான் இருக்கிறது. போன வாரம் நான் சொன்னது தப்பு" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று குடை கொண்டுவருகிறேன் என்று முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான்.

பெற்றோர்களே, இந்தக் குளிர்காலத்தில் ஓர் இரவு குழந்தைகளோடு மாடிக்குச் செல்லுங்கள். எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் வந்ததையே எழுதச் சொல்லுங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.