தோல்நத்தை: ஆளை அறிந்து பயிரைக் காப்போம்

மாரி மழை தொடங்கி நாற்றுமேடையில் மிளகாயும் கத்தரியும் தலைகாட்டும் நாட்களில் பலரும் காணும் காட்சி இது. மாலையில் பசுமையாக நின்ற நாற்றுக்கள் காலையில் அரிக்கப்பட்டுக் கிடக்கும். சில வெறும் தண்டாக நிற்கும். சில மண்மட்டத்தோடு அறுந்திருக்கும். "வெட்டுப்புழு" என்று ஒருவர் சொல்வார். "வெட்டுக்கிளி" என்று இன்னொருவர் சொல்வார். கடைக்கு ஓடிப்போய்ப் பூச்சிநாசினி வாங்கித் தெளிப்போம். அடுத்த நாளும் நாற்று அரிபட்டே கிடக்கும்.

காரணம் எளியது. அரித்தது பூச்சி அல்ல; ஓடில்லா நத்தை. பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளிற் பெரும்பாலானவை நத்தைக்கு ஒன்றும் செய்யா. இரவல் காணியில், கடனுக்கு வாங்கிய விதையோடு பயிர் செய்யும் குடும்பத்திற்கு ஒரு போத்தல் மருந்தின் விலையும் பெரிய தொகைதான். ஆகவே மருந்தைத் தேடுமுன் ஆளைத் தேடுவோம். எமது தோட்டங்களில் காணப்படும் ஓடில்லா நத்தைக் குடும்பம் ஒன்றைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

1. இது எந்த இனம்?

நத்தை, சிப்பி, மட்டி, கணவாய் ஆகியன எல்லாம் மென்னுடலிகள் என்னும் பெரும் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றுள் வயிற்றின் அடிப்பக்கத்தையே காலாகக் கொண்டு ஊர்பவை வயிற்றுக்காலிகள். தோட்டத்து நத்தையும் கடற்கரைச் சங்கும் இந்த வகுப்பினவே.

நத்தைகள் சில, காலப்போக்கில் ஓட்டை இழந்துவிட்டன. இந்த மாற்றம் ஒரே தடவையில், ஒரே இனத்தில் நிகழ்ந்ததல்ல. வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே நிகழ்ந்தது. எனவே ஓடில்லாத எல்லாம் நெருங்கிய உறவு என்று எண்ணலாகாது. மலைநாட்டின் குளிர்ந்த மரக்கறித் தோட்டங்களில் தொல்லை தரும் சிறிய சாம்பல்நிற நத்தைகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அவை வேறு குடும்பங்கள்.

நாம் இங்கே படிப்பது வெரோனிசெல்லிடே என்னும் குடும்பம். இவற்றின் முதுகு முழுவதையும் தடித்த தோல் ஒன்று போர்வைபோல் மூடியிருப்பதால் இப்பாடத்தில் இவற்றைத் தோல்நத்தை என்று அழைப்போம். இவற்றின் நெருங்கிய உறவினர் தோட்டத்தில் இல்லை, கடலோரத்தில் உள்ளனர். வற்றுக்கடலில், கண்டல் மரங்களின் அடியில், சேற்றிலும் பாசி படிந்த பாறையிலும் ஊரும் ஓடில்லாத நத்தைகள் அவை. களப்போரத்தில் வாழ்ந்தவர்கள் கண்டிருப்பீர்கள்.

எமது நாட்டில் அறியப்பட்ட தோல்நத்தைகளுள் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று செம்பெருலா மக்குலாற்றா. 1858ஆம் ஆண்டில் ரெம்பிள்டன் என்பவர் இலங்கையில் கண்டு விவரித்த இனம் இது. மற்றது லீவிக்கோலிஸ் ஆல்ற்றே. இதன் தாயகம் ஆபிரிக்கா. மனிதர் கொண்டு திரிந்த செடிகளோடும் மண்ணோடும் ஆசியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பசுபிக் தீவுகளுக்கும் பரவிவிட்டது.

2. உடலைப் பார்ப்போம்

லீவிக்கோலிஸ் இனத்தில் வளர்ந்த ஒன்றின் நீளம் ஏறத்தாழ 7 அல்லது 8 சென்றிமீற்றர். உடலை நீட்டினால் 12 சென்றிமீற்றர் வரை வரும். நிறம் கருமை அல்லது கரும்பழுப்பு. முதுகின் நடுவே தலையிலிருந்து வால்வரை வெளிறிய கோடொன்று ஓடும். தோல் சற்றுச் சொரசொரப்பானது. தொட்டால் சுருண்டு உருண்டையாகும்.

மற்ற ஓடில்லா நத்தைகளிலிருந்து இதைப் பிரித்தறிய நான்கு அடையாளங்கள் உண்டு.

முதலாவது, முதுகுத் தோல். மற்றவற்றில் கழுத்துக்குப் பின்னால் சேணம் வைத்தாற்போல் சிறு தோல்மடிப்புத்தான் இருக்கும். தோல்நத்தையில் தலையும் உட்பட உடல் முழுவதும் ஒரே போர்வைக்குள் அடங்கும். உள்ளேயும் ஓட்டின் துண்டு எதுவும் இல்லை.

இரண்டாவது, மூச்சு. மற்ற ஓடில்லா நத்தைகளின் வலப்பக்கத்தில் திறந்து மூடும் மூச்சுத்துளை ஒன்றைக் காணலாம். தோல்நத்தையில் அது இல்லை. பெரும்பாலும் தோலினாலேயே சுவாசிக்கிறது. தோலால் சுவாசிக்க வேண்டுமானால் தோல் ஈரமாக இருக்கவேண்டும். இதை நன்றாக நினைவில் வைப்போம். இதன் பலமும் பலவீனமும் இதுவே.

மூன்றாவது, கொம்புகள். இரண்டு சோடி உண்டு. மேற்சோடியின் நுனியில் கண் இருக்கும். கீழ்ச்சோடி நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். சாதாரண நத்தை தன் கண்கொம்பைக் கையுறையின் விரலை உட்புறமாக இழுப்பதுபோல் உள்ளே இழுக்கும். தோல்நத்தையால் அப்படிச் செய்ய முடியாது. கொம்பைச் சுருக்க மட்டுமே முடியும்.

நான்காவது, கால். புரட்டிப் பார்த்தால் வயிற்றின் நடுவே ஒடுங்கிய பட்டியாகக் கால் தெரியும். வளர்ந்த லீவிக்கோலிஸில் அதன் அகலம் 4 அல்லது 5 மில்லிமீற்றர்தான். கால் இவ்வளவு ஒடுங்கியிருப்பதும், உடல் உருண்டையாகச் சுருங்குவதும், பகலில் மண்ணுக்குள் நுழைந்துகொள்வதும் ஈரம் காய்ந்துபோகாமல் காக்கின்றன. மற்ற ஓடில்லா நத்தைகள் தாக்குப்பிடிக்காத வரண்ட இடங்களிலும் இது தப்பிப் பிழைப்பது இதனாலேயே.

வாயில் அரம்போன்ற நாக்கு உண்டு. அதில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். இலையைக் கடிப்பதில்லை, சுரண்டி எடுக்கிறது. அதனால் இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகள் விழும். அது சென்ற வழியில் காய்ந்த சளி வெள்ளிக்கோடாக மின்னும். வெட்டுப்புழு இந்தக் கோட்டை விடாது. காலையில் வெயில் ஏறுமுன் நாற்றுமேடையைக் குனிந்து பார்த்தால் எது வந்தது என்று அறியலாம்.

3. பெருகும் விதம்

ஒவ்வொரு தோல்நத்தையும் ஆணுமாகவும் பெண்ணுமாகவும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றும் முட்டையிட வல்லது. ஈரமண்ணிலோ, கல்லின் கீழோ, உக்கும் குப்பையின் அடியிலோ முட்டைகளை இடும். முட்டைகள் கண்ணாடிபோல் தெளிவானவை. நூலில் கோர்த்த மணிகள்போல் ஒன்றோடொன்று இணைந்து சுருளாகக் கிடக்கும். மண் கிளறும்போது இவற்றைக் கண்டால் வெயிலில் பரப்பிக் காயவிடுங்கள். பொரிக்கும் குஞ்சுகள் தாயின் சிறிய உருவமாகவே வெளிவரும். அவை முதிர்ச்சியடையப் பல மாதங்கள் செல்லும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மழையின் தொடக்கத்தில் வெளிவரும் பெரிய நத்தைகளே பின்னர் முட்டையிடப்போகின்றவை. அந்த வாரங்களில் பிடிக்கும் ஒவ்வொன்றும் பின்னர் வரவிருக்கும் பலவற்றைக் குறைக்கும்.

நடு அமெரிக்க நாடுகளின் ஏழை விவசாயிகள் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள். தோல்நத்தைக் குடும்பத்தின் இன்னோர் இனம் 1960களின் பிற்பகுதியில் எல் சல்வடோரில் காணப்பட்டு, பின்னர் ஹொண்டுராஸ் முதலிய நாடுகளின் போஞ்சிப் பயிரை அழித்தது. அங்கு முதல் மழையில் சோளமும் இரண்டாம் மழையில் போஞ்சியும் பயிரிடுவர். நத்தை சோளத்தைப் பெரிதாகத் தாக்காததால் முதல் மழையில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. சோளத்தின் நிழலில் பெருகிய நத்தைகள் போஞ்சி முளைத்ததும் அதன்மேல் பாய்ந்தன. ஆகவே, போஞ்சி நடுமுன், சோளக் காலத்திலேயே குப்பைக்குவியல் வைத்து நத்தையைப் பிடியுங்கள் என்று அங்குள்ள விவசாயக் கல்லூரியினர் கற்பித்தனர். சேதம் தெரியுமுன் செயற்படுவதே அவர்கள் கண்ட வழி.

4. நோயைப் பற்றியும் அறிவோம்

நாற்றைவிட முக்கியமானது பிள்ளைகளின் உயிர். எலியின் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் வாழும் புழு ஒன்று உண்டு. 1935ஆம் ஆண்டில் சீனாவில் இது விவரிக்கப்பட்டது. இப்புழுவின் குஞ்சுகள் எலியின் எச்சத்தோடு வெளியேறும். எச்சத்தைத் தின்னும் நத்தையின் உடலில் அவை வளரும். அந்த நத்தையை எலி தின்றால் சுற்று நிறைவுறும். லீவிக்கோலிஸ் இனமும் இப்புழுவைத் தாங்கவல்லது.

நத்தையையோ அதன் துண்டையோ மனிதர் பச்சையாக உட்கொண்டால் புழு மூளையைச் சென்றடையும். பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்களில் கடுந்தலையிடி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு தோன்றலாம். பலர் குணமடைவர், சிலருக்கு ஆபத்தாக முடியும். இக்குணங்கள் கண்டால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பச்சை இலை உண்டதையோ நத்தையைத் தொட்டதையோ வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

எமது வீடுகளில் வல்லாரைச் சம்பல் பச்சையாகவே செய்கிறோம். ஈரநிலத்து வல்லாரையில் குஞ்சு நத்தை கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கக்கூடும். ஓடும் தண்ணீரில் இலை இலையாக இருபுறமும் கழுவுங்கள். சளி பட்ட, அரிக்கப்பட்ட இலையை வீசுங்கள். உப்புத் தண்ணீரில் அமிழ்த்தினால் புழு செத்துவிடும் என்று நம்பவேண்டாம். நத்தை மிகுந்த காலத்தில் சம்பலை விட்டு, நன்கு வேகவைத்த கறியாகச் சமைப்பதே பாதுகாப்பு. மருந்தென்று சொல்லி எந்த நத்தையையும் பச்சையாக விழுங்கலாகாது. தவழும் குழந்தை மண்ணில் கிடப்பதை வாயில் வைக்கும். கொட்டிலின் ஈரமான ஓரங்களை நாள்தோறும் பாருங்கள்.

5. நாம் செய்யக்கூடியவை

(அ) ஒளிப்பிடத்தை அகற்றுங்கள். நாற்றுமேடையைச் சுற்றி இரண்டு முழத்திற்குப் புல், பொச்சுமட்டை, கல், பழைய தறப்பாள் எதுவும் கிடக்கக்கூடாது. நீண்டகாலம் பற்றை மண்டிக்கிடந்த வளவுக்குத் திரும்பியவர்கள், இடிந்த சுவர்க் கற்களின் இடையே நத்தையும் எலியும் சேர்ந்து குடியிருக்கும் என்பதை அறிக. ஆயினும் கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணியில் பற்றை வெட்டவோ கல் புரட்டவோ வேண்டாம். நாற்றை வேறிடத்தில் போடலாம். காலை மீண்டும் பெற முடியாது.

(ஆ) காலையில் நீர் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் மேடை ஈரமாக இருக்கும்; நத்தைக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகும்.

(இ) பொறி வையுங்கள். நனைத்த சாக்கையோ பலகையையோ மாலையில் மேடையோரம் விரித்து, அதன் கீழ் வாடிய கோவா இலையோ பப்பாளித் தோலோ இடுங்கள். விடியற்காலையில் தூக்கினால் நத்தைகள் அடியில் ஒட்டியிருக்கும். மழை இரவுகளில் ரோச் வெளிச்சத்தில் பொறுக்குவதும் பலன் தரும்.

(ஈ) வெறுங்கையால் தொடாதீர்கள். கையில் பொலித்தீன் பையை மாட்டியோ, தடியால் சிரட்டைக்குள் தள்ளியோ எடுங்கள். நசுக்கவேண்டாம். தகரப் பேணியில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, கிணற்றுக்கு எட்டத்தில் ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். பின்பு சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

(உ) தோட்டத்தில் உப்புத் தூவாதீர்கள். நத்தை சாகும், மண்ணும் கெடும். சாம்பல் வளையம் காய்ந்திருக்கும்வரை தடுக்கும்; மழையில் பயனில்லை. மெற்றல்டிகைட் என்னும் நத்தைக் குளிகை பிள்ளைகளுக்கும் நாய்க்கும் கோழிக்கும் நஞ்சு. நெருக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் அதைத் தவிர்ப்பதே நன்று.

(ஊ) புதிதாக வரும் நாற்றையும் வாழைக்குட்டியையும் சோதியுங்கள். வேரோடு வரும் மண்ணில் முட்டை இருக்கலாம்.

ஒன்றை மறவாதிருப்போம். இலங்கையில் இருநூறுக்கு மேற்பட்ட நிலநத்தை இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. பற்றையில் சருகு தின்று மண்ணை வளமாக்கும் நத்தை எமக்கு எதிரியல்ல. நாற்றுமேடைக்கு வருவதைப் பிடிப்போம். காட்டில் இருப்பதைக் காட்டில் விடுவோம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. உங்கள் நாற்றை அரித்தது நத்தையா, வெட்டுப்புழுவா என்று எவ்வாறு அறிவீர்கள்?

2. தோல்நத்தை தோலால் சுவாசிப்பதை அறிந்தபின் நீர் ஊற்றும் முறையில் எதை மாற்றுவீர்கள்?

3. ஒரு வளவில் மட்டும் பிடித்தால் வேலிக்கு அப்பாலிருந்து மீண்டும் வரும். உங்கள் ஒழுங்கையிலுள்ள குடும்பங்கள் மழை தொடங்கும் வாரத்தில் ஒரே இரவில் சேர்ந்து பிடிக்க எவ்வாறு ஒழுங்கு செய்யலாம்?