ஒரு மடிக்கணினி, பல இயங்குதளங்கள்

ஒரே புன்செய்யில் ஒரு பாகம் நிலக்கடலையும் மற்றொரு பாகம் துவரையும் பயிரிட விரும்பும் குடியானவர், முதலில் நிலத்தை அளந்து வரப்புப் போடுகிறார். பிறகே ஏர் பூட்டுகிறார். ஒரு மடிக்கணினியில் இரண்டு மூன்று இயங்குதளங்களை அமைப்பதும் இத்தகையதொரு காரியமே. முறை தவறாவிடில் பயன் மிகுதி. தவறினாலோ, முன்பு சேர்த்து வைத்ததும் அழிந்துவிடும்.

இது நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் ஆக்கிய இயங்குதளமாகும்.

ஏன் இரண்டு வேண்டும்?

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு பொதுமக்களுக்கு நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றவை. ஆயினும், பழைய கணக்கு மென்பொருளும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த மடல்களும் விண்டோஸை விட்டு எளிதில் வருவதில்லை. ஆகவே, அவ்வேலைகளுக்கு மட்டும் இணையத் தொடர்பின்றி விண்டோஸையும், வங்கி, சான்றிதழ் முதலிய இணையப் பணிகளுக்குப் புதிய லினக்ஸையும் வைத்துக்கொள்வது அறிவுடைமையாகும்.

முதற்படி: பிரதி எடுத்தல்

மகளிர் குழு ஒன்றின் மூன்றாண்டுக் கடன் கணக்கு ஒரே நொடியில் மறைந்ததை நான் கண்டிருக்கிறேன். லினக்ஸை நிறுவிய இளைஞர், “வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக” என்ற வரியைத் தெரிந்தெடுத்துவிட்டார். வேறிடத்தில் பிரதி இல்லை. ரசீதுகளை வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி எழுத அப்பெண்கள் பல நாள் உழைத்தனர். எனவே, கோப்புகளை எல்லாம் ஒரு வெளிவட்டில் பிரதி எடுத்து, அதனை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்புதல் ஆகாது. புதிய கணினியாயின் வட்டு பூட்டப்பட்டிருக்கக்கூடும். அதன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைத்தல் அவசியம்.

இரண்டாம் படி: அளந்து பிரித்தல்

320 ஜிகாபைட் என்று விற்கப்பட்ட வட்டினை விண்டோஸ் ஏறத்தாழ 298 என்றே காட்டும். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது. இதில் இழப்பு ஒன்றும் இல்லை. இதனை விண்டோஸுக்கு 110, லினக்ஸுக்கு 40, அதன் நினைவக மாற்றிடத்திற்கு 8, பொதுக் கோப்புகளுக்கு எஞ்சிய 140 எனப் பிரிக்கலாம். மூன்றாவதாக ஒரு லினக்ஸ் வேண்டுமாயின், பொதுப் பிரிவிலிருந்து 40ஐ ஒதுக்கினால் போதும். மாற்றிடத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும்.

பொதுப் பிரிவு மிக முக்கியமானது. கணக்கும் படங்களும் எந்த இயங்குதளத்திற்கும் சொந்தமல்லாத இடத்தில் இருந்தால், ஓர் இயங்குதளம் பழுதுபட்டாலும் அவை தப்பும். இப்பிரிவை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் அமைக்க வேண்டும். லினக்ஸ் அதனைப் படிக்கவும் எழுதவும் வல்லது. லினக்ஸின் வடிவையோ விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை.

விண்டோஸ் பிரிவைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியிலேயே செய்வது நல்லது. எம்பிஆர் என்ற பழைய முறையில் நான்கு முதன்மைப் பிரிவுகளே அமையும்; நான்கும் முன்பே நிரம்பியிருந்தால், ஒன்றினை நீக்கி, பல உட்பிரிவுகள் கொண்ட நீட்டிப்புப் பிரிவாக அமைக்க வேண்டும். ஜிபிடி என்ற புதிய முறையில் விண்டோஸ் 128 பிரிவுகள் வரை அனுமதிக்கிறது.

மூன்றாம் படி: நிறுவுதல்

முதலில் விண்டோஸ், பின்னர் லினக்ஸ் என்பதே வரிசை. பின்னால் வரும் விண்டோஸ், லினக்ஸின் துவக்க ஏற்பாட்டை ஒதுக்கித் தன்னையே முன்னிறுத்திக்கொள்ளும். லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். கம்பியில்லா இணையம், ஒலி, தமிழ்த் தட்டச்சு ஆகியவை சரியாக இருப்பதைக் கண்டபின் நிறுவுக. டெபியனை நிறுவும்பொழுதே தமிழைத் தெரிந்துகொள்ளும் வசதி உண்டு. பிரிவைத் தெரிந்தெடுக்கும் திரையில் அவசரம் கூடாது. பெயரையும் அளவையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தே ஒப்புதல் தருக.

வாய்க்கால் நீரை எந்த வயலுக்கு விடுவது என்று பார்த்து மடை திறக்கும் நீர்க்கட்டியைப் போல, கணினியை இயக்கியவுடன் எந்த இயங்குதளத்திற்கு வழிவிடுவது என்று கேட்பது ‘கிரப்’ என்னும் துவக்கியாகும். அதன் பட்டியலில் விண்டோஸ் தோன்றாவிடில் அஞ்சற்க. புதிய பதிப்புகளில் பிற இயங்குதளங்களைத் தேடும் ஏற்பாடு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். அதனை இயக்கிப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் தோன்றும்.

நிறுவிய பின்

விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் துவக்க வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுவதும் உறங்குவதில்லை. அந்நிலையில் லினக்ஸ் அப்பிரிவில் எழுதினால் கோப்புகள் கெடக்கூடும். விண்டோஸில் மணி 5 மணி 30 நிமிடம் பிந்திக் காட்டினால், அது பழுதன்று. கணினிக் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தையும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வைப்பதே காரணம். லினக்ஸை உள்ளூர் நேரத்திற்கு மாற்றினால் இது தீரும். லினக்ஸ் வேண்டாமெனில், முதலில் விண்டோஸின் துவக்கியை மீட்டுவிட்டே அதன் பிரிவை நீக்குக.

பழையதாயிற்று என்று மூலையில் கிடக்கும் கணினி பல இல்லங்களில் உண்டு. அதனை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர அரை நாள் உழைப்பும் ஒரு பென்டிரைவும் போதும். ஆனால், அந்த அரை நாளின் முதல் மணி நேரம் பிரதி எடுப்பதற்கே உரியது.