கடல் கடந்த கவிஞர் கிளாட் மெக்கே

ஜமைக்காத் தீவில் உழவர் குடியில் பிறந்த கறுப்பினக் கவிஞர் கிளாட் மெக்கேயை இத்திங்கள் அறிவோம். 1912இல் தம் ஊர்ப் பேச்சுமொழியிலேயே இரு கவிதை நூல்களை வெளியிட்டார். அவ்வாண்டே கல்வி நாடி அமெரிக்கா சென்றவர், பின்னர்த் தாயகம் திரும்பவேயில்லை.

படிப்பை இடையில் விடுத்து நியூயார்க் சேர்ந்தவருக்குக் கவிதை சோறு போடவில்லை. ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் பரிசாரகராக உழைத்தார். 1919இல் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர். இறப்பினும் எதிர்த்து நின்றே இறப்போம் என்னும் கருத்தமைந்த பதினான்கு அடிப் பாடலொன்றை அப்போது இயற்றினார். உடன் உழைத்த பரிசாரகர்களுக்கு அவர் படித்துக் காட்டிய பாடல் அஃது ஒன்றே. அவர்களுள் விளையாட்டுப் போக்கினரான ஒருவர் கேட்டுக் கண்ணீர் விட்டாராம்.

புகழ் தந்தது அப்பாடலே. ஆயினும் நாம் பெரிதும் விரும்புவது வேறொன்று. நியூயார்க் கடையொன்றின் சன்னலில் வாழைப்பழம், மாம்பழம், இஞ்சி, கொக்கோக் காய் ஆகியன அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டவன் பிறந்த மண்ணை நினைந்து தலைகுனிந்து அழுகின்றான். நமக்கு அவை அன்றாடப் பொருள்கள். குளிர்நாட்டில் நின்ற அவனுக்கோ அவையே ஊர். 1922இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற தொகுதியில் இப்பாடலும் உண்டு.

1940இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மெக்கே, 1948இல் சிக்காகோவில் காலமானார். அவரது உடல் நியூயார்க்கில் அடக்கம் செய்யப்பட்டது.