அறிவோம் ஒரு விஞ்ஞானியை: கமல் ரணதிவே



நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள். மேரி கியூரி அம்மையாரின் பிறந்தநாளும் அதுதான். மறுநாள், நவம்பர் 8, யாருடைய பிறந்தநாள் தெரியுமா? நம்ம நாட்டுப் புற்றுநோய் விஞ்ஞானி டாக்டர் கமல் ரணதிவே பிறந்தநாள். 1917-ல் பூனாவில் பிறந்தவர்.

அவருடைய அப்பா பெர்குசன் கல்லூரியில் உயிரியல் ஆசிரியர். மகள் டாக்டருக்குப் படிக்கணும், ஒரு டாக்டரையே கல்யாணம் பண்ணிக்கணும்னு அவருக்கு ஆசை. கமல் படிச்சது தாவரவியலும் விலங்கியலும். 1939-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டது ஒரு கணித அறிஞரை! மேலே படிக்க அந்தக் கணவர்தான் துணையாக இருந்தார். 1943-ல் எம்.எஸ்சி. முடித்தார். ஆராய்ச்சி எதில் தெரியுமா? நாம சாப்பிடுற சீத்தாப்பழம் இருக்கே, அந்தக் குடும்பத்துச் செடிகளின் குரோமோசோம்களில். நாம ஆய்வகத்தில் வெங்காய வேர் நுனியை நசுக்கித் தேடுறோமே, அதே குரோமோசோம்தான்.

அங்கிருந்து புற்றுநோய்க்கு வந்தது பெரிய தாவல் இல்லை. செல் பிரிதல் பாடத்தில் படிச்சிருக்கோம், ஒரு செல் தேவையான அளவு பிரிந்ததும் நின்றுவிடும். நிற்காமல் பிரிந்துகொண்டே போனால் அதுதான் புற்று. வெளியிலிருந்து வந்த பூச்சி இல்லை, நம்ம செல்லேதான். பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் கனோல்கரிடம் ஆராய்ச்சி செய்து 1949-ல் டாக்டர் பட்டம் வாங்கினார் கமல்.

பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக்குப் போய் ஜார்ஜ் கை என்பவரிடம் செல் வளர்ப்பு கற்றுக்கொண்டார். இந்த ஜார்ஜ் கை யார்னா, 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்லை ஆய்வகத்தில் வளர்த்தவர். மற்ற செல்கள் எல்லாம் கொஞ்ச நாளில் செத்துப்போகும். இது மட்டும் சுமார் ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாச்சு. இன்னைக்கும் உலகம் முழுக்க உயிரோடு இருக்கு. ஆனால் எடுக்கும்போது அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பா இருந்தாலும் அது எனக்குச் சரின்னு படலை.

ஊர் திரும்பிய கமல், பம்பாயில் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் நாட்டின் முதல் திசு வளர்ப்பு ஆய்வகத்தை அமைத்தார். அவர் அதிகம் ஆராய்ந்தது மார்பகப் புற்று. அதுக்கு எலி வேணும்.

எலிக்கதை சுவையானது. சில எலி வகைகளில் தாய்க்கு மார்பகப் புற்று வந்தால் மகளுக்கும் பெரும்பாலும் வரும். பரம்பரைன்னு நினைச்சாங்க. 1936-ல் அமெரிக்காவில் ஜான் பிட்னர் என்பவர், பிறந்த குட்டிகளை நோய் வராத வகைத் தாயிடம் பால் குடிக்க விட்டார். நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது! எலிப் பாலில் ஒரு வைரஸ் இருக்குன்னு பின்னால் தெரிந்தது. அது மட்டும் போதுமா? போதாது. அதே பாலைக் குடித்த ஆண் எலிக்குப் புற்று வருவது அபூர்வம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தால் ஆணுக்கும் வருது. மரபு, ஹார்மோன், வைரஸ் மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யுதுன்னு தேடினதுதான் கமல் ரணதிவேயின் முக்கியமான பணி.

ஒண்ணு சொல்லியே ஆகணும். இது எலிக்கு மட்டும். நம்ம தாய்ப்பாலால் புற்றுநோய் வராது. பால் கொடுக்கிற தாய்க்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு குறையத்தான் செய்யுது.

இதை நான் எழுத ஒரு காரணம் இருக்கு. கல்வராயன் மலையில் எங்க ஊரில் புற்றுநோய் வந்தவங்களுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கிறாங்க, ஒட்டிக்குமாம். சேர்ந்து சாப்பிட்டால் புற்றுநோய் ஒட்டாது. எங்க பெரியம்மா மார்பில் கட்டி இருக்குன்னு ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லலை. ஏன் பெரியம்மான்னு கேட்டா, "வலிக்கலையேடி" என்றார். இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது! வலி வரட்டும்னு காத்திருக்கிறது தான் ஆபத்து. கட்டி, தோல் சுருங்குவது, காம்பில் ரத்தம் கசிவது, எதுவா இருந்தாலும் உடனே காட்டணும். மலையிலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலி போகும். போகட்டும். வீட்டில் அம்மா, அத்தை, பாட்டிகிட்ட சொல்லுங்க. பசங்களும் சொல்லலாம், வெட்கப்பட ஒண்ணுமில்லை.

1973-ல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கம் தொடங்கியவர்களில் கமல் முக்கியமானவர். 1982-ல் பத்மபூஷண் கிடைத்தது. 2001-ல் காலமானார். எனக்குப் பிடித்தது அவர் 1989-ல் செய்த வேலை. மகாராஷ்டிராவில் அகோலே தாலுகா என்று ஒரு இடம். நம்ம ஊர் மாதிரியே மலை, பழங்குடி மக்கள். அங்கே பிள்ளைகளின் சத்துணவு நிலை எப்படி இருக்குன்னு கணக்கெடுத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.