தேவை ஆய்தலும் பொறி அமைத்தலும்

இக்காலத்து அலுவலகங்களில் மக்கள் கையாற் செய்துவந்த வேலைகள் பல கணிப்பொறியினிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. அவ்வாறு ஒப்படைக்குங்கால் இருவகைத் தொழில்கள் எழுகின்றன. ஒன்று, பொறியை அமைத்தல்; மற்றொன்று, அமைக்கப்படுவது யாது, யாருக்கு, எதன்பொருட்டு என முன்னரே ஆராய்ந்தறிதல். பின்னதனைப் பிஸினஸ் அனாலிஸிஸ் என்று ஆங்கிலத்தில் வழங்குவர். ஈண்டு அதனைத் தேவையாய்வு எனக் குறிப்போம். இவ்விரண்டையும் காலமும் பொருளும் வீண்போகாவாறு நடத்திச் செல்வதே திட்ட நிர்வாகம்.

கோபுரங் கட்டப் புகுவோன் தனக்காகும் செலவை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னுங் கருத்தமைந்த உவமை லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வருவதை நாம் அறிவோம். திட்ட நிர்வாகத்தைப்பற்றிப் பேசுவோர் பலர் அவ்வெண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றனர். செலவையும் நாளையும் எண்ணுவதற்கு முன், கோபுரம் எதற்கு என்றும், அதில் ஏறிக் காவல் செய்வோர் யாவர் என்றும் கேட்டறிதல் வேண்டும். அதனைச் செய்யாதவிடத்து நேர்வது யாது என்பதற்கு இலண்டன் மாநகர ஆம்புலன்ஸ் நிலையத்தில் 1992-ஆம் ஆண்டு நிகழ்ந்தது தக்க சான்றாகும்.

அந்நிலையத்தின் எல்லை ஏறத்தாழ 600 சதுர மைல். அதனுள் வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 68 இலட்சம். நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 வரை தொலைபேசி அழைப்புகள் வந்தன. அழைப்பைக் கேட்பவர் செய்தியைத் துண்டுச்சீட்டில் எழுதி, இடத்தை வரைபடப் புத்தகத்திற் கண்டு குறிப்பார். சீட்டு ஓடுபட்டையின்மேற் சென்று ஓரிடத்திற் சேரும். அங்கிருப்பவர் அதனை நோக்கி, நகரின் மூன்று பிரிவுகளுள் எதற்குரியது எனத் தேர்ந்து அனுப்புவார். அப்பிரிவிலுள்ளார் எந்த வண்டி செல்லத்தக்கது எனத் துணிவார். இவையனைத்தும் மூன்று நிமிஷத்திற்குள் முடிதல் வேண்டும். வரைபடத்தைப் புரட்டுவதிலும் சீட்டு நகர்வதிலும் காலம் கழிந்தது உண்மையே. ஆதலின், கணிப்பொறியை நாடியது தவறன்று.

ஆயினும், அத்துண்டுச்சீட்டுக்குள் ஒளிந்துகிடந்த வேலைகளைச் சற்றே நோக்குமின். சாலையில் இரு வண்டிகள் மோதினால் அதனைக் கண்ட பதின்மரும் தொலைபேசியில் அழைப்பர். பத்துச் சீட்டுகளும் ஓரிடத்தில் வந்து குவிகையில், இவையெல்லாம் ஒரே விபத்து என்பதை ஒருவர் கண்டுகொள்வார். வண்டியோட்டிகளும் தமக்குக் குறித்த வண்டியை விட்டு வேறொன்றை எடுத்துச் செல்வதுண்டு. இவ்வகை வழக்கங்களை எந்த விதிப்புத்தகத்திலும் முழுமையாகக் காண்டல் அரிது. வேலை செய்வாருடைய கையிலும் நினைவிலுமே அவை உள்ளன. தேவையாய்வு செய்வோன் தேடவேண்டிய புதையல் இதுவேயாகும்.

நம்போன்ற தமிழ் மாணவர்க்கு இத்தொழில் முற்றிலும் அயலானதன்று. பழைய உரையாசிரியர் ஒரு சொல்லைக் கண்டவிடத்து, ‘இஃது ஈண்டு எப்பொருட்டு?’ என வினாவை எழுப்பித் தாமே விடையிறுப்பர். ‘அண்மையிலுள்ள வண்டியை அனுப்புக’ என்னுந் தொடர் கேட்பதற்கு எளிது. ஆனால், அண்மை என்பது நேர்கோட்டில் அண்மையா, சாலைவழியில் அண்மையா? இடையில் தேம்ஸ் ஆறு கிடந்தால் என் செய்வது? வண்டி அண்மையில் நின்று, அதனுட் செல்வோர் உணவருந்தச் சென்றிருப்பின் அஃது அண்மையோ? மனிதன் இத்தொடரைத் தன் அறிவால் நிரப்பிக்கொள்வான். பொறி எழுதியபடியே கொள்ளும்.

நிற்க. இலண்டனில் வகுத்த திட்டம் மிகப் பெரிது. அழைப்பைப் பதிதல், இடத்தைக் காணல், வண்டிகள் நிற்குமிடத்தை வானொலிக் கருவிகளால் அறிதல், தக்க வண்டியைத் தேர்தல், வண்டியிலுள்ள சிறு திரைக்கு ஆணையனுப்பல் ஆகிய யாவற்றையும் கணிப்பொறியே ஒருங்கே செய்தல் வேண்டும் என்றனர். தேவைகளைத் தொகுத்தெழுதிய காலத்தில் சங்கப் பிரதிநிதிகளுக்கு அழைப்பு விடுக்கப்பட்டதாயினும், வண்டியோட்டிகளின் பங்கு மிகச் சிறிதாகவே இருந்தது. நிர்வாகத்தார்க்கும் பணியாளர்க்கும் நல்லுறவும் அந்நாளில் இல்லை. 1992 ஜனவரி 8-ஆம் நாளுக்குள் முடிதல் வேண்டும் என மேலிடத்தில் நாள் குறித்தாயிற்று. ஒப்பந்தமோ குறைந்த விலை கூறியோர்க்குச் சென்றது. அவர்கள் இத்தகைய பெருவேலையில் முன்பழக்கமில்லாத சிறு கம்பெனியார். முழு வேலைக்கும் பொறுப்பாளர் யார் என்பதுகூடத் தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

குறித்த நாள் தவறியது. பணியாளர் முன்னரே பெற்ற பயிற்சி நாட்செல்லச் செல்ல மறந்துபோயிற்று. ஈற்றில் அக்டோபர் 26-ஆம் நாள் நகர் முழுதும் புதிய முறைக்கு மாற்றப்பட்டது. அன்று தீர்க்கப்படாமற் கிடந்த குறைகளாக ஏட்டிற் பதிவாகியிருந்தவை 81. அவற்றை அறிந்தே தொடங்கினர் என்பதுதான் வியப்பு.

பின்னர் நிகழ்ந்தது ஒன்றையொன்று தொடரும் சங்கிலி போன்றது. வண்டி எங்குளது, என்ன நிலையிலுளது என்ற செய்தி ஏறக்குறையப் பிழையின்றிக் கிடைத்தாலன்றி அப்பொறி ஒழுங்காக இயங்காது. ஓட்டிகள் ஒவ்வொரு நிலையிலும் உரிய பொத்தானை முறைப்படி அழுத்துதல் வேண்டும். அவசரத்தில் சிலர் அழுத்த மறந்தனர். சிலர் முறைமாற்றி அழுத்தினர். வானொலி எட்டாத இடங்களும் இருந்தன. பொறியின் கணக்கில் வண்டிகள் வேறிடத்தில் நின்றன. ஒரே விபத்திற்கு இரு வண்டிகள் சென்றன. அண்மையிலுள்ளது நிற்கத் தொலைவிலுள்ளது அனுப்பப்பட்டது. பிழை நேருந்தோறும் பொறி ஓர் எச்சரிக்கையை எழுப்ப, அவை திரையில் நிரம்பி மேலே மறைந்தன. வண்டி வாராமையால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தனர். பழைய முறையில் ஒருவர் கண்ணோட்டத்தில் விலக்கிய இரட்டை அழைப்புகளைப் பொறி முற்றும் விலக்கவில்லை. ஆதலின் சுமை மேலும் பெருகியது. மறுநாளே பாதி கைவேலையும் பாதிப் பொறியுமாகப் பின்வாங்கினர்.

நவம்பர் 4-ஆம் நாள் விடியுமுன் கணிப்பொறி முற்றிலும் நின்றது. மூன்று வாரங்களுக்கு முன் செய்த ஒரு சிறு மாற்றத்தில், பயன்பட்ட நினைவகப் பகுதியை விடுவிக்காத பிழை நேர்ந்திருந்தது. அது சிறிது சிறிதாக இடத்தைத் தின்று நிரப்பிவிட்டது. மாற்றாக வைத்திருந்த கணிப்பொறி தக்கவாறு சோதிக்கப்படாமையால் உதவவில்லை. காகிதமும் தொலைபேசியுமே மீண்டும் துணையாயின.

1993 பிப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறும் ஒரு கருத்து ஆழ்ந்து நோக்கற்பாலது. அக்டோபர் இறுதியிலான அவ்விரு நாட்களிலும் பொறி தொழில்நுட்ப நோக்கில் பழுதுபடவில்லை. பெரும்பாலும் தனக்கு வகுத்ததையே செய்தது. வகுத்ததே குறையுடையது என்பது அதன் முடிபு. நவம்பர்ப் பிழையை ஒரு நல்ல தொழில்நுட்பர் கண்டு திருத்தியிருக்கலாம். அக்டோபர்ப் பிழையைத் திருத்தத்தக்கவர்களோ வண்டியோட்டிகளும் சீட்டெழுதியோருமே. அவர்களிடம் சென்று அமர்ந்து, ‘ஐயா, நீங்கள் இதனை எவ்வாறு செய்கிறீர்கள்?’ என்று கேட்பதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. பொறுமை மட்டும் வேண்டும். ஓட்டிகள் பொத்தானை அழுத்தாமையே கேட்டிற்குக் காரணம் என்று பழிப்பார் உளர். உயிருக்குப் போராடும் நோயாளியைத் தூக்கிக்கொண்டிருப்பவனுக்குக் கை எத்தனை என்பதை அவர் எண்ணிலர்.

அறிக்கை கணிப்பொறியை அறவே விலக்குமாறு கூறவில்லை. படிப்படியாகவும், பணியாளரின் நம்பிக்கையைப் பெற்றும் மீண்டுந் தொடங்குமாறு கூறிற்று. புதிய நிர்வாகத்தார் உடனே பொறியைத் தொடவுமில்லை. முதலில் புதிய வண்டிகளை வாங்கினர். பணியாளரோடு உறவைச் சீர்செய்தனர். கட்டுப்பாட்டு அறையைப் புதுக்கினர். அதன்பின் நிலையத்தின் உள்ளேயே ஒரு சிறு குழுவினர், பயன்படுத்துவோரை உடனிருத்தி, மாதிரிகளைக் காட்டிக் காட்டித் திருத்தி, புதியதோர் அமைப்பை உருவாக்கினர். அது 1996 ஜனவரியில் இயங்கத் தொடங்கிற்று. முதற்படியில் அழைப்பைப் பதிந்து, அதனை உரிய பிரிவின் திரைக்கு அனுப்புவதே அதன் பணியாயிற்று. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலை மனிதரிடமே இருந்தது. ஏனைய வசதிகள் ஒவ்வொன்றாகப் பின்னரே சேர்ந்தன.