மணல் அள்ளிய பள்ளம்

எங்கள் பக்கம் தாமிரபரணியில் மணல் அள்ளிய பள்ளங்களைக் குளத்து வண்டல் கொட்டி மூடினால் ஆறு பழையபடி ஆகுமா? – வாசகர், ஏரல்

வண்டலை வயலுக்குக் கொடுங்கள், ஆற்றுக்கு வேண்டாம். களிமண் அடைத்த படுகையில் தண்ணீர் இறங்காது, கரையோரக் கிணறுகளில் ஊற்று குறையும். பள்ளத்தை நிரப்ப வேண்டியது வெள்ளம் கொண்டுவரும் மணல்தான். ‘அதுதான் வெள்ளத்துக்கு வெள்ளம் வருகிறதே, அள்ளினால் என்ன?’ என்பார்கள். ஆனால் பாபநாசம் அணையும் 8 அணைக்கட்டுகளும் அந்த மணலில் ஒரு பங்கை மேலேயே மறித்துக்கொள்கின்றன. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்கும் கீழே இருக்கும் உங்களுக்கு மிச்சம்தான். கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் 5 ஆண்டுகள் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆற்றுக்கு அப்படி ஓய்வு கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, நீர்வளத் துறையிடம் சொல்லி, பள்ளத்தில் முளைத்த சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுக்கச் செய்யுங்கள். அது நின்றால் வெள்ளம் கரையை அறுக்கும். அறுந்த கரையில் நாணலும் மருதமும் நடலாம். ஐப்பசி மழைக்கு முன்பே நட்டுவிடுங்கள்.